சிரிக்க மறுத்த பிணம்

தமிழ்நாட்டில் மந்திரியை எதிர்த்தவர்கள் இருக்கிறார்கள். மாமியாரை எதிர்த்தவர்கள்கூடத் தேடினால் ஒன்றிரண்டு பேர் கிடைப்பார்கள். ஆனால் செத்துப்போன பிறகு எதிர்த்து நின்றவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர்தான். நின்றவர் என்பதுகூடத் தப்பு, படுத்தவர். செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் எனக்கு அடுத்த போர்ஷனில் குடியிருந்தார். பெயரா? ஆதார் அட்டையில் ஏதோ ஒன்று இருந்திருக்கும். தெருவுக்கு அவர் ‘பத்தாவது ஆள்’. நேரில் கூப்பிடும்போது பத்து அண்ணாத்த.

சினிமாவில் ஹீரோ பத்துப் பேரை அடிப்பார், பார்த்திருப்பீர்கள். ஒன்பது பேர் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டு விழுவார்கள். பத்தாவது ஆள் மட்டும் ஒரு நொடி நிற்பான். விழுந்து கிடக்கிற ஒன்பது பேரையும் பார்ப்பான், ஹீரோவைப் பார்ப்பான், ஓடிவிடலாமா என்று யோசிப்பான். அப்புறம், விதி யாரை விட்டது, “டேய்ய்” என்று கத்திக்கொண்டு வந்து அவனும் விழுவான். அந்த ஒரு நொடி யோசனைதான் அண்ணாத்தையின் நடிப்பு. இருபது வருஷமாக அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்தினார்.

“ஏன் அண்ணாத்த, பத்துப் பேரும் ஒண்ணாப் பாய்ஞ்சா ஹீரோ கதி என்ன ஆகும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அத்தக் கேக்கக் கூடாதுன்னுதான் நைனா எங்களுக்கு நாஸ்தா குடுக்கறாங்கோ. ரேஷன் கடையிலகூட எவனாவது க்யூல பூந்துடுவான். எங்காளு பூரமாட்டான். எப்பேர்ப்பட்ட ஒழுக்கம் பாரு. எங்களப் போயி ரவுடின்றான்!”

தொழில் அவர் உடம்பில் ஊறிப்போயிருந்தது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தன் அவசரத்தில் அவர் தோளில் லேசாக இடித்துவிட்டான். அவன் ‘சாரி’ சொல்வதற்குள் அண்ணாத்த காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, கொய்யாப்பழ வண்டிமேல் விழுந்து, அங்கிருந்து உருண்டு காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு அடியில் போய்ச் சேர்ந்தார். கூட்டம் கூடி இடித்தவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. “ஐயோ, நான் தொடவே இல்லீங்க” என்று அவன் அழுகிறான். பஸ்ஸுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, “அவன உட்ருங்கப்பா, எனக்குப் பயக்க தோஷம்” என்றார். கொய்யாக்காரம்மா திட்டிய திட்டு மட்டும் மேல்மருவத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்கும் சினிமாவுக்கும் ஒரு தீராத வழக்கு இருந்தது. சினிமாவுக்கு என்று ஓர் அரசியல் உண்டு. மேடையில் பேசுகிற அரசியலைச் சொல்லவில்லை. கதை எழுதும்போதே உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்கிற அரசியல். நியாயம் பேசுகிறவன் ஏட்டுத் தமிழ் பேசுவான். கத்தி எடுக்கிறவன் வாயைத் திறந்தால் ‘இன்னாமே’ என்பான். ‘ரவுடி வீடு’ என்று காகிதத்தில் எழுதியிருந்தால் ஆட்கள் நேராக ஒரு காலனியைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தக் காலனியில் வாத்தியார் இருப்பார், வங்கியில் வேலை செய்கிறவர் இருப்பார், அவர்களையெல்லாம் ஷூட்டிங் முடிகிறவரை ஓரமாக நிற்கச் சொல்வார்கள். மேலிருந்து கீழ்வரை எல்லாருக்கும் இது தெரியும். பொழப்பு என்று தலையாட்டிக்கொண்டு போவார்கள்.

அண்ணாத்த தலையாட்ட மாட்டார். அடி வாங்குகிற இடைவேளையில் இயக்குநரிடம் போய் நிற்பார்.

“சார், ஒரு டவுட்டு. ரவுடி மட்டும் ஏன் சார் எங்கூரு பாஷ பேசறான்? எங்கூர்ல டாக்டரு கீறாரு. அவரும் இப்டித்தான் பேசறாரு.”

“அப்படியா? சரி, நீ மூணாவது குத்துக்கு விழு.”

“ஒரே ஒரு தபா என்னத் தாசில்தாரா போடேன் சார்.”

அந்த இயக்குநர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தாசில்தார் ஆபீஸைக் கொளுத்தறவனா வேணா போடறேன்” என்றாராம். அண்ணாத்த இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அண்ணி சிரிக்க மாட்டார். கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் அவர். மகள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலேயே ஸ்டாஃப் நர்ஸ். டிவியில் அப்பா படம் போட்ட மறுநாள் வார்டில் யாராவது, “சிஸ்டர், நேத்து உங்கப்பா நாலு பேர வெட்டினாரே, வூட்லயும் அப்டித்தானா?” என்று கேட்டுவிடுவார்களாம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஊசியைப் போடும், கொஞ்சம் அழுத்தமாக.

இருபது வருஷத்தில் அண்ணாத்தைக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு டயலாக். ஒரு க்ளோஸப். ‘டேய்ய்’ என்பதை அவர் டயலாக்கில் சேர்க்கவில்லை.

அது வந்தது. பெரிய ஹீரோ, பெரிய கம்பெனி. சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் சண்டைக் காட்சி. ஹீரோ கேள்வி கேட்பார், பத்தாவது ஆள் பதில் சொல்வார். முகம் மட்டும் திரை முழுக்க. சண்டைக்கு ஆள் பிடித்துத் தருகிற ஏஜெண்ட் போன் செய்த அன்று தெருவே கொண்டாடியது. பையன்கள் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள்: ‘நூறு படங்களில் செத்தவரே, இனி பேச வருக!’

டயலாக் என்னவென்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், ஸ்பாட்டில்தான் கொடுப்பார்கள். அதற்காக அண்ணாத்த சும்மா இருப்பாரா? எந்த டயலாக் வந்தாலும் சமாளிக்கத் தயாரானார். பால்காரரிடம், “இன்னிக்கு... அரை லிட்டரு... போதும்” என்று பல்லைக் கடித்துச் சொல்லிப் பார்த்தார். பால்காரர் இரண்டு நாள் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

ஷூட்டிங் ஞாயிற்றுக்கிழமை என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன், எனக்கும் சினிமாவுக்கும் சம்பந்தம் டிக்கெட் வாங்குவது மட்டும்தான். மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கம் பக்கம் போய், டச்சுக்கோட்டை ஓரமாக மணலில் இறங்கினோம். பொங்கலும் வடையும் தட்டில் விழுந்த நேரம் பார்த்து, ஓர் அடியாளுக்குக் காய்ச்சல், வரவில்லை என்று செய்தி வந்தது.

அண்ணாத்த என்னைப் பார்த்தார். “இன்னா நைனா, சும்மாதான குந்தினு கீற? வந்து சாவேன்.”

சட்டையில் சிவப்புத் தண்ணீரை ஊற்றி மணலில் படுக்க வைத்துவிட்டார்கள். வாயில் வடையோடு செத்தவன் அநேகமாக நான் ஒருத்தன்தான்.

அண்ணாத்தையிடம் டயலாக் காகிதம் வந்தது. படித்தார். இன்னொரு முறை படித்தார். என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு காகிதத்தை நீட்டினார். ஹீரோ ‘எந்த ஊருடா நீ?’ என்று கேட்பார். இவர் சொல்ல வேண்டியது: ‘செங்கல்பட்டு காலனி. எங்கூட்ல கொயந்த பொறந்தா பால் குடுக்கமாட்டோம், கத்திதான் குடுப்போம்!’

“எம் பொண்ணு கையில ஊசி குடுத்தேன் நைனா” என்றார் மெதுவாக. “கத்தி குடுக்கல.”

நான் எழுந்து உட்காரப் போனேன். செத்தவன் அசையக் கூடாது, பேசக் கூடாது என்று அசோசியேட் டைரக்டர் கத்தினார்.

முதல் டேக். ஹீரோ கர்ஜித்தார்: “எந்த ஊருடா நீ?”

“செங்கல்பட்டு. எங்கூட்ல கொயந்த பொறந்தா பால் குடுப்போம். அப்பால பால்வாடில சேப்போம்.”

யூனிட் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. கட். டயலாக்கை மறந்துவிட்டார் என்று நினைத்து அசோசியேட் மறுபடி படித்துக் காட்டினார். அண்ணாத்த பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது டேக். “எந்த ஊருடா நீ?”

“செங்கல்பட்டு சார். நீங்க எந்த ஊரு?”

ஹீரோவுக்கு அதற்குப் பதில் எழுதித் தரவில்லை. அவர் திகைத்துப்போய்த் திரும்பி அசோசியேட்டைப் பார்த்தார்.

இயக்குநருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று பார்த்தால், தேன் ஒழுகப் பேசினார். “அண்ணே, உங்களுக்குப் பிடிக்கலைன்னா விடுங்க. உங்க இஷ்டத்துக்கு என்ன வேணா சொல்லுங்க. வாய் அசைஞ்சா போதும்.”

எனக்கு இயக்குநர்மேல் மரியாதையே வந்துவிட்டது. அண்ணாத்தைக்கு வரவில்லை. இருபது வருஷம் சும்மாவா விழுந்து எழுந்தார்? வாய் அசைந்தால் போதும், அப்புறம் டப்பிங்கில் வேறு யாரையாவது வைத்து அதே வசனத்தை அந்த வாயில் ஏற்றிவிடுவார்கள். முகம் இவருடையது, பேச்சு அவர்களுடையது.

மூன்றாவது டேக். “எந்த ஊருடா நீ?”

அண்ணாத்த வாயை இறுக்கி மூடிக்கொண்டார். உதடு தெரியவில்லை. ஹீரோவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. கட். மறுபடி. வாய் திறக்கவில்லை. கட். “வாயைத் தொறய்யா!” என்று இயக்குநர் மைக்கில் கத்தினார். தேன் தீர்ந்துபோயிருந்தது.

மற்ற அடியாட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாரும் வருஷக்கணக்காகக் கூட விழுந்தவர்கள். ஆறாவதாக அடி வாங்குகிறவர் கெஞ்சினார்: “அண்ணாத்த, பேஜாரு பண்ணாத. ஒரு டயலாக்குதான? சொல்ட்டு வாயேன். எங்க பொழப்பும் பூடும்.”

“பொழப்புக்குத்தான்டா அடி வாங்கறேன். எம் முதுகக் கேளு, அது சொல்லும். ஆனா அது பொய்யடின்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பாக்கறவனுக்கும் தெரியும். இத்த நெசம்னு சொல்லச் சொல்றான்டா. எங்கூரு பேர என் வாயாலயே சொல்லச் சொல்றான்.”

ஆறாவது ஆள் காலால் மணலைக் கிளறினார்.

இயக்குநர் முடிவெடுத்தார். வசனத்தை ஆறாவது ஆளுக்குக் கொடுத்தார், அவருடைய க்ளோஸப்பைச் சென்னையில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு அண்ணாத்தையைக் கைகாட்டி, “இவனை இப்பவே கொன்னுடுங்க” என்றார்.

அண்ணாத்த வந்து என் பக்கத்தில் படுத்தார். இருபது வருஷ ஆசை, அரை மணி நேரத்தில் முடிந்துபோனது. “வுடு நைனா, படுக்கறதுக்கு நல்ல காத்து” என்றார். ஹீரோ எங்களையெல்லாம் தாண்டி ஸ்லோமோஷனில் நடந்து போனார். ஷாட் ஓகே.

இங்கேதான் நீங்கள் ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சினிமாவில் செத்தவர்கள் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. சாவு நிஜமாகத் தொடர்ந்து வந்துவிடும் என்று பயம். அதனால் செத்தவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதை ஒரு ஷாட் எடுப்பார்கள், அதற்குப் பிறகுதான் பேக்கப். அந்தத் தயாரிப்பாளருக்கு இதில் பக்தி ஜாஸ்தி. நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம், சட்டைப் பையில் எலுமிச்சம்பழம். போன படத்தில் ஒரு பிணம் சிரிக்காமல் பஸ் பிடித்துப் போய்விட்டதாம். படம் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விட்டதாம்.

கேமரா எங்கள் முகங்களின்மேல் ஒவ்வொன்றாக வந்தது. பிணங்கள் வரிசையாகச் சிரித்தன. நானும் முதல் சாவு என்பதால் தாராளமாகவே சிரித்தேன். அண்ணாத்தையிடம் வந்து கேமரா நின்றது. கண் திறந்திருந்தது. வாய் மூடியிருந்தது.

“சிரிப்பா” என்றார் கேமராமேன்.

“வர்ல சார்.”

தயாரிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். “வரலைன்னா? சிரிய்யா!”

“துட்டு குடுத்தா சாவறேன். சிரிப்பு தானா வரணும் இல்ல?”

இடுப்பில் கிச்சுக்கிச்சு மூட்டினார்கள். பலிக்கவில்லை. அசோசியேட்டை விட்டுக் குரங்கு மாதிரி ஆடச் சொன்னார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், அவர் அசையவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் தயாரிப்பாளர் அண்ணி நம்பரை என்னிடம் வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா, உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லும்மா.”

“ஏன், இன்னா ஆச்சு?”

நடந்ததைச் சொன்னார். வசனத்தையும் அவரே படித்துக் காட்டினார்.

“அவருகிட்ட ஒண்ணு சொல்லு சார்” என்றார் அண்ணி. “இதுக்கு அவரு சிரிச்சாருன்னா, வூட்டுக்கு வர வாணாம். அங்கியே கெடக்கச் சொல்லு.”

போன் கட்டானது. தயாரிப்பாளர் நெற்றியில் குங்குமம் வியர்வையோடு வழிந்தது. அப்போது ஆறாவது ஆள், எழுந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தவர், திரும்பி வந்து மணலில் படுத்தார்.

“சார், நான் சிரிச்சத வாபஸ் வாங்கிக்கறேன். அந்த டயலாக்கும் எனக்கு வாணாம்.”

“சிரிச்சதை எப்படிய்யா வாபஸ் வாங்குவே?”

“எனக்குத் தெரியாது சார். வாங்கியாச்சு.”

அவருக்குப் பக்கத்தில் இன்னொருத்தர் படுத்தார். அப்புறம் இன்னொருத்தர். ஹீரோவிடம் ஒவ்வொருவராகப் போய் அடி வாங்குகிற அதே ஆட்கள். ஸ்டண்ட் சங்கத்திலும் இல்லாத, கணக்குப் பிள்ளையான நானும், “என் சிரிப்பும் வாபஸ்” என்று மறுபடி படுத்தேன். ஐயா, வாழ்க்கையில் அவ்வளவு தைரியமாக நான் எங்கேயும் படுத்ததில்லை!

தயாரிப்பாளர் உடைந்துபோனார். “என்னதான்யா வேணும் உங்களுக்கு?”

அண்ணாத்த படுத்தபடியே சொன்னார்: “அந்த டயலாக்கு படத்துல வரக் கூடாது. என் வாயிலயும், எவன் வாயிலயும்.”

கற்பூரம் வந்தது. தயாரிப்பாளர் கடலைப் பார்த்து நின்று அதை அணைத்துச் சத்தியம் செய்தார். “சார், அப்ப அந்த இடத்துல என்ன வைக்கிறது?” என்று இயக்குநர் இழுத்தார். “ஒண்ணும் வைக்காதே! அவன் எப்படி நின்னானோ அப்படியே வை! ஆளை விடுங்கடா!” என்று கத்தினார் தயாரிப்பாளர். அதற்கப்புறம்தான் அண்ணாத்த சிரித்தார்.

சினிமா அவரை மன்னிக்கவில்லை. மற்றவர்கள் ‘அவன் பேச்சைக் கேட்டுட்டோம்’ என்று கைகட்டி நின்று திரும்பப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, எல்லாருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. அண்ணாத்தையின் போன் மட்டும் அடிக்கவே இல்லை. ஏஜெண்டுக்கு இவர் போட்டால் அவர் எடுப்பதில்லை. ஹீரோவையே முறைத்தவன் என்று பெயர் பரவிவிட்டது. கேளம்பாக்கம் ஜங்ஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டப் போனார். ஐ.டி. பெண் ஒருத்தி, “அண்ணா, நீங்க படத்துல ரவுடியா வருவீங்கல்ல?” என்று கேட்டாள். “ஆமாம்மா, இப்பத் திருந்திட்டேன்” என்றார்.

ஒருநாள் அதே ஏஜெண்ட் ஆட்டோவிலேயே வந்து ஏறினார். படத்தின் பாட்டு வெளியீட்டு விழா மேடையில் இயக்குநரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். நான் பின்சீட்டில் இருந்தேன்.

“இன்னான்னு கேக்கறது? எங்கூட்ல பால் குடுத்துட்டோம், மன்ச்சிக்கோங்கன்னா? எறங்கு சார், ஜங்ஷன் வந்துட்ச்சி.”

வாய்தான் அப்படி. சவாரி இல்லாத நேரத்தில், ஆட்டோவின் பக்கக் கண்ணாடியைப் பார்த்து அந்த ஒரு நொடி யோசனையை நடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பார்த்துவிட்டால் கண்ணாடி துடைக்கிற மாதிரி துடைப்பார்.

படம் வெளிவந்தது. செங்கல்பட்டில்தான் பார்த்தோம், தெருவே வந்திருந்தது. அண்ணாத்த வர மாட்டேன் என்று அடம்பிடித்தவரை அண்ணி கையைப் பிடித்து இழுத்து வந்தார். மகள் டியூட்டி முடிந்து நேராக வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். சண்டை வந்தது. ஒன்பது பேர் விழுந்தார்கள். ஹீரோ கர்ஜித்தார்: “எந்த ஊருடா நீ?”

திரை முழுக்க அண்ணாத்த. வாய் மூடியிருந்தது. இசை இல்லை, வசனம் இல்லை. தயாரிப்பாளர் சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தார். கேள்வி அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. “நம்மூருடா!”

அவ்வளவுதான். கொட்டகை எழுந்து நின்றது. “நம்மூரு! நம்மூருடா!” என்று விசில் பறந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருத்தர் கத்திக்கொண்டிருந்தார். அண்ணி நாற்காலிமேல் ஏறிவிட்டார். எல்லாருக்கும் மேலாக அந்த நர்ஸ் பெண்ணின் குரல்தான் கேட்டது. “எங்கப்பா! எங்கப்பாடா!”

அண்ணாத்த மட்டும் தலையைக் கவிழ்த்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. வாழ்நாளில் கிடைத்த ஒரே க்ளோஸப்பை அந்த மனிதர் பார்க்கவே இல்லை. “அண்ணாத்த, நிமிந்து பாருங்க” என்று உலுக்கினேன். அவர் நிமிராமல் இருட்டில் துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டார். பொய்யடி மட்டுமே பழகிய கை, அன்று நிஜமாகவே பிடித்தது. என் விரல்கள் நசுங்கின. நான் விடச் சொல்லவில்லை.